பல்லுக்குக் கீழே பார்த்தவர்

டோல்கேட் பக்கத்தில் இருந்த அந்த எக்ஸ்ரே சென்டரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வருகிறவர்களுக்கு அவர் படக்காரம்மா. முதலாளிக்கு வெறும் ‘ஏம்மா’. எனக்கு முதல் இரண்டு வருடம் ஒரு போன் நம்பர், அவ்வளவுதான்.

நான் தண்டையார்பேட்டையில் பல் மருத்துவம் பார்க்கிறேன். கீழே மெடிக்கல் ஷாப், மாடியில் என் கிளினிக். ஒரு பல்லுக்கு மட்டும் எடுக்கிற சின்னப் படத்தை என் அறையிலேயே எடுத்துவிடுவேன். இரண்டு தாடையும் காது வரை ஒரே படத்தில் தெரிய வேண்டுமென்றால் அதற்கான பெரிய மெஷின் என்னிடம் இல்லை. சீட்டு எழுதி அவரிடம் அனுப்புவேன். அரை மணி நேரத்தில் படம் என் போனுக்கு வந்துவிடும். அவர் எடுத்த படத்தில் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்காது. நடுவில் எச்சில் விழுங்கியதால் கலங்கியிருக்காது. நல்ல கை என்று நினைத்துக்கொள்வேன். அதற்கு மேல் அவரைப் பற்றி நினைத்ததில்லை.

ஒருநாள் படத்துக்குப் பின்னாலேயே போனும் வந்தது.

“மேடம், காசிமேட்லேர்ந்து ஒரு அம்மாவ அனுப்பிச்சீங்களே, மீன் விக்கறவங்க. படத்த பாத்தீங்களா?”

“பாத்துட்டேன். கடவாய்ப்பல் ரெண்டு எடுக்கணும்.”

“பல்ல வுடுங்க மேடம். தாடையோட கீழ் ஓரத்த பாத்தீங்களா? கரையே காணும். பூச்சி அரிச்ச மாரி கீது.”

எனக்குச் சுருக்கென்றது. பதினான்கு வருடமாகத் தொழில் செய்கிறேன். படம் எடுத்துக் கொடுக்கிறவர் எனக்குப் படம் படிக்கச் சொல்லித் தருவதா?

“படம் எடுக்கறது உங்க வேலை. அதப் பாத்துச் சொல்றது என் வேலை” என்றேன்.

“சரி மேடம்” என்றார். குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. “ஆனா ஒரு தபா பாத்துடுங்க.”

நான் பார்க்கவில்லை. பிடிவாதம்தான், வேறு காரணம் சொல்ல முடியாது. அந்த அம்மாவுக்கு இரண்டு பல்லையும் எடுத்தேன். புண் நன்றாக ஆறியது. பத்தாவது நாள் ஒரு கவரில் சங்கரா மீன் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டு, “சொத்த போச்சு, தூக்கம் வந்துச்சு டாக்டரம்மா” என்று சிரித்தார். ஐம்பத்துநாலு வயது. ஐஸ் உருகி வழிகிற கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கை வீசி நடக்கிற உடம்பு.

ஏழெட்டு மாதம் கழித்து அவருடைய மகள் பல் கூச்சம் என்று வந்தாள். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“அத்த ஏன் கேக்கறீங்க டாக்டரம்மா. கீய வுழல, வயுக்கல. ஏலம் வுடற எடத்துல யாரோ கூப்டாங்கன்னு திரும்புச்சு, அப்டியே ஒக்காந்துடுச்சு. இடுப்பு எலும்பு ஒடஞ்சுபோச்சு. ஆப்ரேசன் பண்ணி பிளேட் வெச்சுகீறாங்க. இப்போ வூட்டுக்குள்ளயே வாக்கர் புடிச்சுகினு நடக்குது. கூடைய நான்தான் எடுத்துகினு போறேன்.”

அவளுக்கு மருந்து எழுதி அனுப்பிவிட்டுப் பழைய படத்தைத் தேடி எடுத்தேன். நல்ல எலும்புள்ளவர்களுக்குக் கீழ்த்தாடையின் அடி ஓரம் ஒரு தடித்த வெள்ளைக் கோடாக, வழவழப்பாக ஓடும். அந்த அம்மாவுக்கு அந்தக் கோடு மெலிந்து, உள்பக்கம் பிசிறு பிசிறாகக் கிடந்தது. என் கண்ணுக்கு நேரேதான் இருந்திருக்கிறது. உடம்பில் எலும்பின் அடர்த்தி குறையும்போது தாடையின் அந்த ஓரமும் மெலியலாம், பல் எக்ஸ்ரேயில் அதைக் கவனிக்க முடியும் என்று கல்லூரியில் ஒரு வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். பரீட்சைக்கு வராது என்று நான் தாண்டிப்போன பக்கம் அது.

அன்றைக்கே டோல்கேட்டுக்கு நடந்தேன். அவரை அன்றுதான் நேரில் பார்த்தேன். குட்டையான உருவம், நாற்பதை ஒட்டிய வயது, பருத்திப் புடவைக்கு மேல் கனத்த ஈயக் கவசம், ஷூ லேஸில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட கண்ணாடி. மெஷினுக்குள் நின்ற ஒரு துறைமுகத் தொழிலாளியை அதட்டிக்கொண்டிருந்தார். “அந்த கட்டைய பல்லால கடிச்சுக்க நைனா. ஆடாத. முயுங்காத. உன் பொண்டாட்டி கூப்ட்டாகூட திரும்பாத.”

அவர் வெளியே வந்ததும் நான் யாரென்று சொன்னேன். மீன்கார அம்மாவின் இடுப்பைப் பற்றிச் சொன்னேன்.

“தெரியும் மேடம். அந்த பொண்ணு இந்த பக்கம் வந்தப்போ சொல்லிச்சு.”

“தெரியுமா? அப்போ ஏன் எனக்கு ஒரு போன் பண்ணல?”

“சொல்லி இன்னா ஆவப்போவுது? ஒடஞ்சது ஒட்டிக்குமா?” கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி ஒரு படத்தைத் திறந்தார். “இத்த பாருங்க. காலைல எடுத்தது, ராயபுரத்துக்காரங்க. இவங்களுக்கு இன்னும் ஒடயல.”

நான் சொல்ல வைத்திருந்த மன்னிப்பு எனக்குள்ளேயே நின்றுவிட்டது. இருவரும் அந்தப் படத்தைப் பார்த்தோம்.

பழக்கம் ஆன பிறகு ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன், இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எலும்பு முறிவுப் பிரிவில் ஆறு வருடம் தற்காலிக வேலையில் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார். ஸ்ட்ரெச்சரில் வருகிற வயதான பெண்களின் இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு. பாத்ரூமில் கால் வைத்தேன், பஸ் படியில் இறங்கினேன், குடத்தை இறக்கினேன் என்று வந்தவர்கள். வலியில் கத்துகிறவர்களைப் புரட்டிப் படுக்கவைத்துப் படம் எடுக்கிற வேலை. அந்த இடத்தை விட்டு இங்கே பல் படம் எடுக்க வந்தபோது நிம்மதியாக இருந்ததாம், யாரும் அழுவதில்லையே என்று. பிறகு ஒருநாள் எலும்பு நிபுணர் ஒருவர் தன் பல்லுக்காகப் படம் எடுக்க வந்திருக்கிறார். முந்தின ஆளின் படம் திரையில் இருந்திருக்கிறது. ‘இந்தம்மாவுக்கு எலும்பு ரொம்ப வீக்கா இருக்கும்போல’ என்று அவர் தாடை ஓரத்தைக் காட்டிப் போகிறபோக்கில் சொன்னதை இவர் விடவில்லை. எதை வைத்துச் சொன்னீர்கள், எங்கே அளப்பது, எப்படி இருந்தால் சந்தேகப்படுவது என்று துருவிக் கேட்டுக்கொண்டாராம்.

“ஒடஞ்சதுக்கு அப்பால எடுக்கற படத்த ஆறு வருசம் எடுத்தேன் மேடம்” என்றார். “ஒடையறதுக்கு முன்னாடி எடுக்கற படம் இங்கதான் கையில கெடச்சுது. அத்த எப்டி சும்மா கவர்ல போட்டு அனுப்பறது?”

இதுதான் அவர். அவரைப் பற்றி நான் சொல்லக்கூடிய எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான் வரும். கேட்டது பல்லாக இருக்கலாம். கண்ணில் பட்டது எலும்பு என்றால் அதைப் பார்க்காததுபோல அவரால் இருக்க முடியாது.

பெண்களிடம் அவர் கேட்கிற கேள்விகள் மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறவைதான். ஆனால் அவர் கேட்கிற விதம் புத்தகத்தில் இல்லை. உயரம் குறைந்திருக்கிறதா என்று நான் கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. அவர், “போன வருசம் சரியா இருந்த நைட்டி இப்போ தரைய இஸ்துகினு போவுதா?” என்பார். அந்த அம்மா யோசித்துவிட்டு, “ஆமாம்மே, மடிச்சு தெச்சேன்” என்பார். கர்ப்பப்பையை எடுத்துவிட்டீர்களா, எந்த வயதில், மாதவிலக்கு நின்று எத்தனை வருடம், வீட்டில் அம்மாவுக்குக் கூன் விழுந்ததா என்று கவசத்தை மாட்டிவிடுகிற நேரத்துக்குள் கேட்டு முடித்துவிடுவார். அது என்ன கரை கரை என்று யாராவது கேட்டால் அவர்கள் முந்தானையைப் பிடித்துக் காட்டுவார். “இந்த பார்டர் இருக்கறதாலதான் புடவ நிக்குது. இது நஞ்சுபோனா நூல் நூலா பிரியுமா இல்லியா? உன் தாடைலயும் அப்டி ஒண்ணு கீது.”

ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. சொல்லும்போது நிதானம் கிடையாது. படம் திரையில் வந்த மறு நிமிடம் நின்ற நிலையிலேயே போட்டு உடைத்துவிடுவார். “உன் எலும்பு மேல எனக்கு சந்தேகம் கீது, டாக்டரம்மாகிட்ட கேளு.” கேட்டவர் முகம் வெளுப்பதைப் பார்க்க அவர் நிற்பதில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.

யானைக்கவுனியில் மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர், தெற்கத்திக்காரர், மனைவியை என்னிடம் அனுப்பியிருந்தார். அந்த அம்மாவிடமும் படக்காரம்மா அப்படித்தான் சொல்லிவிட்டார். நான் படத்தைப் பார்த்தேன். கரை சற்று மெலிவுதான். பல் எக்ஸ்ரே ஒரு சந்தேகத்தைத்தான் காட்டும், எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தால்தான் உறுதி தெரியும் என்று விளக்கி அதற்கு எழுதிக் கொடுத்தேன். பத்து நாளில் ஸ்கேன் முடிவு வந்தது. எலும்பு நன்றாகவே இருந்தது.

அந்த வியாபாரி மனைவியையும் அழைத்துக்கொண்டு நேராக எக்ஸ்ரே சென்டருக்குப் போய்விட்டார். முதலாளி என்னை அவசரமாக வரச் சொன்னார். நான் போனபோது வாசலில் கூட்டம்.

“ஏம்மா, படம் எடுக்கச் சொன்னா எடுத்துக் குடுத்துட்டுப் போவ வேண்டியதுதான? எம் பொண்டாட்டி எலும்பு இத்துப்போச்சுன்னு சொல்லுததுக்கு நீ யாரு? ஸ்கேன்காரன் ஒனக்கு எவ்வளவு கமிஷன் தாரான்?”

படக்காரம்மா அவர் கையிலிருந்த ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “நார்மலா? நெஜமாவா? எங்க குடுங்க” என்று வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அக்கா, நல்லா கீறீங்க. ஒண்ணுமே இல்ல. இத்த கேக்கத்தான் நான் காத்துகினு இருந்தேன்” என்றார். தான் சொன்னது தவறு என்று தெரிந்ததில் அத்தனை சந்தோஷப்பட்ட ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கணவருக்கு இன்னும் கோபம் ஏறியது. அந்த அம்மா மட்டும் மெல்லச் சொன்னார், “பத்து நாளா மாடிப்படி எறங்கவே பயந்து கெடந்தேன் தாயி.” படக்காரம்மா அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

முதலாளி எங்கள் இருவரையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். “டாக்டர், உங்க முன்னாடியே சொல்லிடறேன். படம் எடுக்கறவங்க நோய் சொல்லக்கூடாது. நாளைக்கு யாராவது கேஸ் போட்டா சென்டர மூடணும். நாளைலேர்ந்து இவங்க வேணாம்.”

அவர் சொன்னது சட்டப்படி சரிதான். படக்காரம்மா தரையைப் பார்த்து நின்றார். வீட்டில் அவர் ஒருவர் சம்பளம்தான் என்று எனக்குத் தெரியும். கணவர் இறந்து வருடங்களாகிவிட்டன. மகன் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான்.

“நான்தான் அவங்களப் பாக்கச் சொன்னேன்” என்றேன். அது பாதிதான் உண்மை. “தப்பு என்னோடது. வாயால சொன்னேன், எழுதிக் குடுக்கல. இனிமே என் சீட்டுல எழுதியே அனுப்பறேன். அவங்க எனக்குத்தான் சொல்வாங்க, நோயாளிகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

முதலாளி நெடுநேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அந்த வாரமே என் சீட்டுகளைப் புதிதாக அச்சடித்தேன். அடியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘கீழ்த்தாடையின் அடி ஓரத்தையும் கவனித்துத் தெரிவிக்கவும்.’ முதல் சீட்டு போன அன்று அவரிடமிருந்து போன் வந்தது. “மேடம், இத்த அச்சடிச்சே குடுத்துட்டீங்களா?” என்றார். அந்த வரியை எனக்கே ஒரு தடவை படித்துக் காட்டினார்.

அடுத்து வந்தவர் எண்ணூர்க்காரர். கன்டெய்னர் யார்டில் வேலை. அடுக்கிய பெட்டிகளின் மேலே ஏறிக் கொக்கி மாட்டுகிறவர். நாற்பத்துநாலு வயது, அகன்ற தோள். ஞானப்பல் பக்கம் ஈறு வீங்கி வந்திருந்தார். படம் எடுக்க அனுப்பினேன். போன் வந்தது.

“மேடம், இவருக்கும் கரை போயிட்டுகீது.”

“என்னங்க நீங்க, ஆம்பளைக்கு, அதுவும் இந்த வயசுல?”

“அத்ததான் நானும் ரோசன பண்ணேன். பேசினா இஸ்து இஸ்து மூச்சு வாங்கறாரு. சட்ட பையில இன்னா வெச்சுகீறீங்கன்னு கேட்டேன். போட்டோ அனுப்பறேன் பாருங்க.”

போட்டோவில் பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டை. ஸ்டீராய்டு. மூச்சிரைப்புக்கு என்றோ ஒரு டாக்டர் ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்ததை, சாப்பிட்டால் உடனே மூச்சு இறங்குகிறதே என்று எட்டு வருடமாகத் தானே கடையில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஆணோ பெண்ணோ, அது எலும்பை அரித்துவிடும்.

அவரை உட்காரவைத்து விவரம் சொன்னேன். ஸ்கேனுக்கு எழுதினேன். சீட்டை அவர் கையில் வாங்கவில்லை.

“மேடம், பல்ல மட்டும் புடுங்குங்க. நான் மேல ஏறலன்னா எனக்கு அங்க வேல இல்ல. எலும்பு வீக்குன்னு ஒரு பேப்பர் வந்துச்சுன்னு வெச்சுக்க, கேட்லயே நிறுத்திடுவாங்க. ரெண்டு பொண்ணு கீது எனக்கு.”

“மாத்திரைய நீங்களா டக்குனு நிறுத்திடாதீங்க, அது வேற ஆபத்து. ஒரு தடவ பொது மருத்துவர மட்டுமாவது பாருங்க” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். மூன்று வாரம் ஆளைக் காணவில்லை. போனை எடுக்கவில்லை.

நான்காவது வாரம் ஞாயிற்றுக்கிழமை படக்காரம்மா பஸ் ஏறி எண்ணூருக்குப் போய்விட்டார். தெருவின் பெயர் மட்டும்தான் தெரியும். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். எண்ணூர்க்காரர் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவியிடம் இவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

திங்கட்கிழமை எனக்குத் தெரிந்தபோது கோபம் வந்தது. “அவர் சம்மதம் இல்லாம அவர் வீட்ல போய்ச் சொல்லிருக்கீங்க. இது சரியா?”

“சரியில்ல மேடம்” என்றார் உடனே. “தப்புதான். ஆனா அவ்ளோ ஒசரத்துலேர்ந்து வுழுந்தா, நான் சொல்லாம இருந்தது மட்டும் சரியாயிடுமா? ஆறு வருசம் அந்த படத்தயெல்லாம் எடுத்தவ நான். எனக்கு கண்ணுல வந்துகினே கீது.”

அவர் செய்தது தவறு என்று ஒரு மருத்துவராக நான் சொல்லியாக வேண்டும். நான் போயிருப்பேனா என்று கேட்டால், போயிருக்கமாட்டேன். போகாததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் என்னால் முடியவில்லை.

எண்ணூர்க்காரரை அவர் மனைவி இழுத்துக்கொண்டு வந்தார். ஸ்கேன் எடுத்தார்கள். அடர்த்தி மிகவும் குறைந்திருந்தது. முதுகெலும்புக் கோவையில் ஒரு எலும்பு ஏற்கெனவே நசுங்கியிருந்தது. ஒரு வருடமாக வாயு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்த வலி அதுதான். மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்து, மூச்சுக்கு உறிஞ்சுகிற மருந்துக்கு மாற்றி, எலும்புக்குத் தனியாகச் சிகிச்சை தொடங்கினார் மருத்துவர். யார்டில் அவரைக் கேட்டில் வண்டி நம்பர் சரிபார்க்கிற வேலையில் போட்டார்கள். வேலை போகவில்லை. ஆனால் ஓவர்டைம் போனது. மேலே ஏறி நின்று துறைமுகம் முழுவதையும் பார்க்கிற அந்தக் கெத்தும் போனது.

அதன்பிறகு டோல்கேட் பஸ் நிறுத்தத்தில் படக்காரம்மாவைக் கண்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாராம். எனக்குச் சங்கடமாக இருந்தது. “உங்களுக்குக் கஷ்டமா இல்லயா?” என்று கேட்டேன்.

“பேஜாராத்தான் கீது மேடம். பாக்காமத்தான் போறாரு.” கண்ணாடியைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னார். “ஆனா நேரா நிமிந்து நடந்து போறாரு. அத்த நான் பாத்துக்கறேன்.”

ஒன்றரை வருடம் இப்படியே போயிற்று. ஒருநாள் மதியம் எண்ணூர்க்காரர் என் சீட்டோடு எக்ஸ்ரே சென்டருக்குள் வந்தார். கூட அவருடைய மாமியார். பல் செட் கட்டுவதற்காக நான்தான் படம் எடுத்துவரச் சொல்லியிருந்தேன். மாமியாரை மெஷின் பக்கம் நிறுத்திவிட்டு, படக்காரம்மாவை நேராகப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாராம், “இவங்களுக்கும் கீய பாத்துடு.” அன்று சாயங்காலம் இதைச் சொல்லப் படக்காரம்மா என் கிளினிக்குக்கு மாடி ஏறி வந்தார். வேறு எதற்காகவும் அவர் அப்படி வந்ததில்லை.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு தை மாதம் படக்காரம்மாவின் கன்னம் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். கிராம்பு மென்ற வாசனை வந்தது. கட்டாயப்படுத்தி என் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தேன். கீழே இரண்டு பக்கமும் கடைசிப் பற்கள் மோசமாக இருந்தன.

“பெரிய படம் எடுத்துடலாம்” என்றேன்.

“எதுக்கு மேடம்? சின்ன படம் போதும். இங்கயே எடுத்துடுங்க.”

“ரெண்டு பக்கமும் இருக்கு. நரம்பு எவ்வளவு கிட்டன்னு தெரியணும். இது உங்களுக்குத் தெரியாததா?”

“ரெண்டு சின்ன படமா எடுத்துக்கலாமே.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்துநாலு வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர் அவர். எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். எல்லோரிடமும் முதல் கேள்வியாக அதைக் கேட்கிறவர். பத்து வருடத்துக்கு மேல் அந்த மெஷினின் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். ஒருமுறைகூடத் தன் தாடையின் ஓரத்தைப் பார்த்ததில்லை.

நான் சீட்டு எழுதினேன். அடியில் அந்த வரி இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் நானும் கூடப் போனேன். கவசத்தை நான் மாட்டிவிட்டேன். எந்தப் பொத்தான், எவ்வளவு நேரம் என்று அவர்தான் உள்ளிருந்து சொன்னார். மெஷின் அவர் தலையைச் சுற்றி வந்து நின்றது. வெளியே வந்தவர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார்.

“நீங்க பாருங்க மேடம்.”

பார்த்தேன். பல்லை அல்ல. நரம்பு வெளியே வருகிற சிறு துளைக்கு நேர் கீழே இரண்டு பக்கமும் அளந்தேன். இன்னொரு தடவை அளந்தேன். இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்வது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு, “வந்து உக்காருங்க” என்றேன்.

வந்து உட்கார்ந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“மெலிஞ்சுதான் இருக்கு. ரெண்டு பக்கமும். ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம். எதுவும் உடையறதுக்கு முன்னாடி பாத்துட்டோம், அத நெனச்சுக்கோங்க.”

அவர் தலையாட்டினார். இதைவிட நன்றாக அந்த வாக்கியத்தை அவரே சொல்லியிருப்பார். வெகுநேரம் என் கையை விடவில்லை. பிறகு கேட்டார்.

“இத்த கேக்கறது இப்டித்தான் இருக்குமா மேடம்? கால வெக்கற எடத்துல படி இல்லாத மாரி?”

“இருக்கும்.”

“அந்த யானைக்கவுனி அக்கா சொன்னாங்க, மாடிப்படி எறங்க பயமா இருந்துச்சுன்னு. நான் சிரிச்சுகினு நின்னேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் எல்லாருக்கும் நின்னுகினே சொல்லிட்டேன் மேடம்.”

ஸ்கேனில் சந்தேகம் உறுதியானது. மருந்து தொடங்கினார். பல்லும் சரியாயிற்று. அதற்குப் பிறகு நாலு வருடம் அங்கே வேலை செய்தார். எந்த எலும்பும் உடையவில்லை. மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும் அவனோடு போய்விட்டார்.

ஆனால் அந்த நாலு வருடத்தில் அவர் முறை மாறிவிட்டது. டாக்டரைப் பார்க்கச் சொல்வதை மட்டும் இனி உட்காரவைத்துச் சொல்கிறேன் என்று முதலாளியிடம் கேட்டு, திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை வாங்கிப் போட்டார். நான் ஒருமுறை போயிருந்தபோது தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் கீரை விற்கிற ஒரு அம்மா படம் எடுத்து முடித்துச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வெளியே நாலைந்து பேர் காத்திருந்தார்கள். படக்காரம்மா திரையைப் பார்த்தார். பிறகு அவசரமில்லாமல் கண்ணாடியைக் கழற்றினார். கதவைச் சாத்தினார்.

“இப்டி ஒக்காரு ஆத்தா” என்றார். “தண்ணி குடிக்கிறியா?”